ஆமைக் குஞ்சும் தொட்டி நீரும்

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்பது நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கும் பழமொழி. இக்காலத்தாரோ ஆமைக் குஞ்சை விலைகொடுத்து வாங்கி, கண்ணாடித் தொட்டியிலிட்டு, வீட்டின் முன்கூடத்தில் வைத்து மகிழ்கின்றனர். ஆமையால் வீடு கெடுமோ என்பதை யாம் ஆராயப் புகவில்லை. ஆனால் வீட்டாரால் ஆமை கெடுதல் பலவிடத்தும் நிகழ்கின்றது. அக்கேட்டிற்குப் பெரும்பாலும் தொட்டி நீரே வாயிலாகின்றது. ஆதலின் அந்நீரைத் தூய்மையாகக் காக்கும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண், எவ்வாமை தொட்டிக்குரியது என்பதைத் தெளிதல் வேண்டும். கடலூர்க் கரையில் தை முதல் பங்குனி வரை கடலாமைகள் இரவில் ஏறி வந்து மணலில் முட்டையிடும். வனத்துறையார் அம்முட்டைகளைத் திரட்டிப் பொரிப்பகத்தில் புதைத்துக் காத்து, ஏறக்குறைய 45 முதல் 60 நாட்களில் வெளிப்படும் குஞ்சுகளைக் கடலில் விடுகின்றனர். அக்குஞ்சுகளுக்கு உரிய இடம் கடலேயன்றித் தொட்டியன்று. சிதம்பரத்தைச் சூழ்ந்த ஏரிகளிலும் வாய்க்கால்களிலும் வாழும் பாலாமையும், தரையில் வாழும் நட்சத்திர ஆமையும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுவன. அவற்றைப் பிடித்து வளர்த்தல் குற்றமாகும். வண்ணமீன் கடைகளில் விற்கப்படுவது அமெரிக்க நாட்டைத் தாயகமாகவுடைய செங்காது ஆமை. யாம் கூறப்போவது இதனைப் பற்றியதே.

தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று எண்ணுதல் பெரும் பிழை. ஆமை, தான் உண்ணும் நீரிலேயே கழிவையும் விடுகின்றது. அக்கழிவிலிருந்தும், எஞ்சி அழுகும் இரையிலிருந்தும் அம்மோனியா என்னும் நச்சுப்பொருள் தோன்றி நீரில் கரைகின்றது. அது கண்ணுக்குத் தோன்றாது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடுவதாகலின் மீனைப்போல் உடனே இறவாது. அதனாலேயே வளர்ப்போர் ஏமாறுகின்றனர். நாட்பட நாட்பட அதன் கண் எரிச்சலுற்று வீங்கும், தோல் புண்படும், மெல்லிய ஓட்டில் அழுகல் பற்றும்.

இந்நஞ்சை மாற்றுவோர் யார்? 1877ஆம் ஆண்டில் ஷ்லேசிங், மூன்ட்ஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் சாக்கடை நீரை மணலும் சுண்ணக்கல்லும் நிரப்பிய குழாயின் வழியே மெல்லக் கசியவிட்டனர். சில வாரங்கள் மாறுதல் ஒன்றும் இல்லை. பின்னர் அம்மோனியா மறைந்து நைட்ரேட்டு தோன்றிற்று. குளோரோபாம் ஆவியைச் செலுத்தியவுடன் அம்மாற்றம் நின்றது. மயக்க மருந்துக்கு அடங்குவது உயிருள்ள பொருளேயாகலின், இத்தொழிலைச் செய்வன நுண்ணுயிர்களே என அவர் துணிந்தனர். ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும். மற்றொருவகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்கும். முன்னைய இரண்டும் கொடியன. நைட்ரேட்டு அத்துணைக் கொடியதன்று. தொட்டியின் வடிகட்டியிலுள்ள பஞ்சும் கல்லும் இந்நுண்ணுயிர்களின் குடியிருப்பாகும். அவை நிறைந்து பெருகுதற்கு 4 முதல் 6 வாரங்கள் செல்லும்.

இவ்வுண்மையை உணர்ந்தார்க்குச் செய்யத்தக்கன தாமே விளங்கும். வடிகட்டியைக் குழாய்நீரில் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே மெல்ல அலசுதல் வேண்டும். நீர் முழுவதையும் ஒருங்கே கொட்டாது, வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கை மாற்றுதல் நன்று. வடிகட்டி பழகாத முதல் வாரங்களில் இன்னும் அடிக்கடி மாற்றுக. புதுநீரைக் குளோரின் நீங்க ஒருநாள் திறந்த வாளியில் வைத்திருந்து ஊற்றுக. இரையை வேறொரு சிறு பாத்திரத்தில் இட்டு, உண்டபின் குஞ்சைத் தொட்டிக்கு மாற்றினால் அழுக்கில் பெரும்பகுதி குறையும். மீன்தொட்டிக்குப் போதிய வடிகட்டி ஆமைக்குப் போதாது. அதனினும் இருமடங்கு ஆற்றலுடையது வேண்டும். ஆமை ஏறி உடலுலர்த்த ஒரு மேடும், அம்மேட்டின்மீது வெயிலும் இன்றியமையாதன. கண்ணாடியினூடே வரும் வெயில் ஓட்டை வலுப்படுத்தாது.

நம் பகுதிக்குரிய இடர்களும் சில உள. சூடும் காரத்தன்மையும் மிக மிக அம்மோனியாவின் நஞ்சு மிகும். ஆதலின் கோடையில் தொட்டியை நேர்வெயிலில் முழுதும் வையாது, பாதி நிழலில் வைத்தல் வேண்டும். கடலோரக் கிணறுகளில் உவர்ப்பேறிய நீர் இவ்வாமைக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலின்றிக் குஞ்சு ஈரத்திலேயே கிடக்கும். அந்நாட்களில் ஓட்டையும் தோலையும் நாடோறும் நோக்குக.

இனி, வளர்ப்போர் நலனைக் கூறுவாம். நோயின்றித் தோன்றும் ஆமையும் சால்மொனெல்லா என்னும் கிருமியைச் சுமத்தல் கூடும். குழந்தைகள் இதனால் நோயுற்றமை கண்டு, 4 அங்குலத்திற்குக் குறைந்த ஓடுடைய ஆமைகளை வளர்ப்புக்கு விற்றலை அமெரிக்க அரசினர் 1975ஆம் ஆண்டில் தடுத்தனர். தொட்டி நீரைச் சமையலறையில் கொட்டாதீர்கள். தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். ஐந்து வயது நிரம்பாத குழந்தையைத் தொடவிடாதீர்கள்.

கைக்குள் அடங்கும் இக்குஞ்சு ஒரு சாணுக்கு மேலும் வளரும். 20, 30 ஆண்டுகள் வாழும். அப்போது சலிப்புற்றுக் கெடிலத்திலோ சிவகங்கைக் குளத்திலோ விட்டுவிட்டால் அறம் செய்தோம் என எண்ணுவோர் உளர். அஃது அறமன்று. உலகில் மிகக் கேடு விளைக்கும் நூறு அயலுயிர்களின் பட்டியலில் இவ்வாமையும் ஒன்று. நம் பாலாமையின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் அது கவர்ந்துகொள்ளும். வளர்க்க இயலாதார் பேணவல்ல பிறரிடம் ஒப்புவித்தலே தக்கது. இத்தனை ஆண்டுகள் வாரந்தோறும் ஒரு வாளி நீர் சுமக்கும் பொறுமை தமக்குண்டோ என்று தம்மைத் தாமே வினாவிய பின்னரே ஒருவர் ஆமைக் குஞ்சை விலைபேசுவாராக.