கடை வாசல் புகையும் குடும்ப நலமும்



பேரேட்டில் பத்து ரூபாய் இடித்தாலும் இரவு தூக்கம் வராத நாம், நாள் முழுதும் மூச்சில் எவ்வளவு புகை வரவாகிறது என்று கணக்குப் பார்ப்பதில்லை. சென்னை ஜார்ஜ் டவுன் போன்ற பழைய கடைவீதிகளில் கீழே கடை, மாடியில் குடித்தனம் என்று வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு. கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டது. ஆனாலும் மற்றச் சரக்குகளுக்கு லாரியும் டெம்போவும் வந்தபடிதான் இருக்கின்றன.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாக அறிவித்தது. புகையிலுள்ள நுண்துகள் தலைமுடியின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கே இருக்கும். அது நுரையீரலின் அடிவரை இறங்கி, மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இழுப்புக்கும் காரணமாகிறது. கன மீட்டர் காற்றில் இந்தத் துகள் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் கூடாது என்பது அந்நிறுவனம் 2021-இல் சொன்ன அளவு. நம் நாடு 2009-இல் வகுத்த வரம்பு 40. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.6 வண்டிகள் குறைவாகவே புகைவிடுகின்றன. பழைய வண்டிகளோ இன்னும் ஓடுகின்றன.

ஊர்ப் புகை முழுவதையும் நாம் நிறுத்த முடியாது. ஆனால் புகை வரும் இடத்திலிருந்து விலக விலக அதன் வேகம் குறையும். ஆகவே நம் வாசலில் நிற்கும் வண்டியே முதல் கவலை. எங்கள் பேரனுக்கு இழுப்பு உண்டு. டாக்டர் முதலில் கேட்டதே, "வீட்டு வாசலில் வண்டி நிற்குமா?" என்றுதான். அன்று முதல், இன்ஜினை நிறுத்தினால்தான் எங்கள் கடையில் மூட்டை இறங்கும். முதலில் முணுமுணுத்த டிரைவர்களும் டீசல் மிச்சம் என்பதால் பழகிக்கொண்டார்கள்.

இன்னும் சில:

சரக்கு இறங்கும் நேரத்தில் தெருப்பக்க ஜன்னலை மூடி, பின்கட்டு ஜன்னலைத் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் அடைத்தால் அடுப்புப் புகை வீட்டுக்குள்ளேயே தங்கும்.

குழந்தைகளின் மூக்கு சைலன்சர் உயரத்துக்கு அருகில் இருக்கிறது. பள்ளிக்குப் பெரிய சாலையை விட்டுச் சந்து வழியாக அழைத்துப் போங்கள்.

கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டியிருக்கும் என்-95 முகக்கவசமே பயன்படும்.

கடையை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அட்டைப் பெட்டியையும் கிழிந்த சாக்கையும் தெருவில் கொளுத்த வேண்டாம்.

இருமலோ இழுப்போ நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். இன்ஹேலரை நாமாக நிறுத்தக் கூடாது.

நாம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறோம். மூட்டை தூக்கும் தொழிலாளியோ வண்டியின் பின்னாலேயே நின்று மூச்சு வாங்குகிறார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. ஒரு கடையில் மட்டும் இன்ஜின் நின்றால் போதாது; அடுத்த கடை வாசல் புகை நம் மாடிக்குத்தான் வரும். தெரு முழுவதும் இதை ஒரே விதியாக்க, வரும் சங்கக் கூட்டத்தில் உறுப்பினர்கள் முடிவெடுக்க வேண்டுகிறோம்.