நாய்க்கு ஏன் சாதிப் பெயர்?

எங்கள் வீட்டு நாயின் பெயர் செவலை. நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். நான்கு வருடத்துக்கு முன்பு ஓர் அடைமழை நாளில் மாடிப்படிக்கு அடியில் வந்து ஒண்டிய குட்டி அது. வெறிநாய்க்கடி தடுப்பூசி போட ஒரு கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போனேன். சீட்டு எழுதியவர் ‘இனம்’ என்ற இடத்தில் ‘என்.டி.’ என்று எழுதினார். ‘நான் டிஸ்கிரிப்ட்’ என்பதன் சுருக்கம். இன்னதென்று சொல்ல அடையாளம் ஏதும் இல்லாதது என்று பொருள். நாட்டு மாட்டுக்கும் இதையே எழுதுவார்கள்.

மடியில் இருந்ததைப் பார்த்தேன். விறைத்து நிற்கத் தொடங்கியிருந்த காதுகள், ஒடுங்கிய முகம், முதுகின் மேல் சுருண்ட வால், உடம்போடு ஒட்டிய குட்டை முடி. கன்னியாகுமரியில் ஆரம்பித்து வடக்கே எந்த ஊர் டீக்கடை வாசலுக்குப் போனாலும் இதே சாயலில் ஒன்று படுத்திருக்கும். இவ்வளவு அடையாளம் இருந்தும் அடையாளம் இல்லை என்று எழுதியிருக்கிறார்களே என்று வருத்தமாக இருந்தது.

நாயோடு தெருவில் நடந்தால், “ஒரிஜினலா, கிராஸா?” என்று யாராவது கேட்பார்கள். முதலில் சுத்தமான இனங்கள் இருந்தன, அவை தறிகெட்டுக் கலந்ததில் பிறந்தவைதான் தெருநாய்கள் என்ற நம்பிக்கை அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. நடந்தது இதற்கு நேர்மாறு. மனிதரை அண்டி நாய் வாழத் தொடங்கி 15,000 ஆண்டுகளுக்குக் குறையாது. இன்று கடையில் விலை பேசப்படும் இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு வயது இருநூறுகூட ஆகவில்லை. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தொடங்கியது. எந்த நாய்க்கும் எந்த நாய்க்கும் பிறந்தது என்று பதிவேடு வைத்து, பதிவில் உள்ளவற்றை மட்டும் தங்களுக்குள் சேர்த்துச் சேர்த்து இனங்களை இறுக்கினார்கள்.

2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 38 நாடுகளைச் சேர்ந்த 549 ஊர்நாய்களின் மரபணுக்களை ஆயிரக்கணக்கான இன நாய்களோடு ஒப்பிட்டது. தென்னமெரிக்காவிலும் பசிபிக் தீவுகளிலும் திரியும் நாய்கள் அநேகமாக ஐரோப்பிய வம்சமாகவே இருந்தன. இந்தியா, வியட்நாம், எகிப்து நாட்டு நாய்களிலோ ஐரோப்பியக் கலப்பு மிக மிகக் குறைவு. நாம் கலப்பு என்று ஒதுக்குகிற நாயிடம்தான் கலப்பு இல்லை! நகரத்தில் லாப்ரடாருக்கும் தெருநாய்க்கும் பிறந்த குட்டிகள் உண்டு. அவற்றைக் கிராஸ் என்று சொன்னால் அது உண்மை, அதில் தவறும் இல்லை. செவலை அந்த வகை இல்லை.

பெயர் விஷயத்தில் என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. விலைகொடுத்து வாங்கும் நாயை நம் ஊரில் ‘சாதி நாய்’ என்கிறோம். ‘உயர்சாதி நாய்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அப்படியானால் தெருவில் கிடப்பது எந்தச் சாதி? அந்தக் கேள்விக்கு ஆங்கிலம் ஒரு பதிலை எழுதி வைத்திருக்கிறது. இந்திய ஊர்நாய்க்கு ஆங்கிலப் புத்தகங்கள் தந்த பெயர் ‘பரையா டாக்’. ‘பரையா’ நம்முடைய சொல். பறை என்ற இசைக்கருவியிலிருந்து வந்த ‘பறையர்’ என்னும் சமூகப் பெயர், போர்த்துக்கீசியர் வாயில் திரிந்து ஆங்கிலத்துக்குப் போனது. அங்கே ‘தள்ளி வைக்கப்பட்டவர்’ என்று பொருள் ஏறி, பிறகு நாயின் தலையிலும் பருந்தின் தலையிலும் உட்கார்ந்தது. 1886-இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியிலேயே அந்த நாய் இடம்பிடித்துவிட்டது.

அதே காலத்தில் இங்கே என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இழிவாக்கப்பட்ட பெயரைத் தலை நிமிர்ந்து சொல்ல வேண்டும் என்பது அவர் வழி. அயோத்திதாசர் அந்தப் பெயரே வேண்டாம், நாம் பூர்வத் தமிழர் என்றார். 1922-இல் எம்.சி.ராஜா சென்னை சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானம், அரசு ஆவணங்களில் ஆதிதிராவிடர் என்று எழுத வழிவகுத்தது. தங்களை எப்படி அழைக்க வேண்டும் என்று ஒரு சமூகம் தனக்குள் இத்தனை தீவிரமாக விவாதித்துக்கொண்டிருந்தபோது, அதன் பெயரை ஒரு விலங்குக்குச் சூட்டிவிட்டு உலகம் போய்விட்டது. பறையர் என்பது கௌரவமான பெயர். அதைத் தெருநாய்க்கு வைத்து, ‘யாருக்கும் வேண்டாதது’ என்று பொருள் சொன்னதுதான் இழிவு. நாய்க்கு இந்தப் பெயர் வலிக்காது. காதில் விழுகிற மனிதருக்கு வலிக்கும். சாலிம் அலி காலத்துப் பறவை நூல்களில் ‘பரையா கைட்’ என்றிருந்த பருந்து இன்று ‘பிளாக் கைட்’ ஆகிவிட்டது. பறவை பார்ப்பவர்களால் முடிந்தது, நாய் வளர்ப்பவர்களால் முடியாதா?

பெயரை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று. 2016-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், காப்பகத்துக் கூண்டில் ‘பிட்புல்’ என்று அட்டை தொங்கிய நாய்கள், அச்சு அசல் அதே தோற்றத்தோடு வேறு பெயரிட்டிருந்த நாய்களைப் போல மூன்று மடங்குக்கு மேல் காலம் வீடு கிடைக்காமல் காத்திருந்தன. அட்டையில் இனத்தின் பெயரை எழுதுவதை ஒரு காப்பகம் நிறுத்தியதும் தத்து எடுப்பது கூடியது. பிலிப்பைன்ஸில் தெருநாயை ‘அஸ்கால்’ என்பார்கள், தெருவில் திரியும் நாய் என்று பொருள். விலங்கு நல அமைப்பினர் அதை ‘அஸ்பின்’, அதாவது பிலிப்பைன்ஸ் நாய் என்று மாற்றிப் பரப்பினார்கள். சிங்கப்பூரில் இதே நாய் ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’.

ஆரோக்கியத்தில் எது உசத்தி? 2013-இல் கலிபோர்னியாவில் 24 மரபுக் கோளாறுகளை இன நாய்களிடமும் கலப்பு நாய்களிடமும் ஒப்பிட்டுப் பார்த்ததில், பத்துக் கோளாறுகள் இன நாய்களிடம் அதிகம். பதின்மூன்றில் வித்தியாசம் இல்லை. ஒன்று, முழங்கால் தசைநார் அறுவது, கலப்பு நாய்களிடம் அதிகம். கலப்பு நாய்க்கே அப்படி இருக்க, நாட்டு நாய்க்கு நோயே வராது என்று நான் சொல்ல மாட்டேன். குணமும் அப்படித்தான். 2022-இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் உள்ள குண வேறுபாட்டில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான். மீதி அந்தந்த நாயும் வளர்ந்த சூழலும். மனிதர் காட்டும் குறிப்பைப் புரிந்துகொள்ளவும் இனப் பெயர் தேவையில்லை. கொல்கத்தா ஐசர் ஆய்வு நிறுவனத்தார் தெருநாய்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாத நாய்களுக்கு முன் இரண்டு கிண்ணங்களை வைத்து ஒன்றைக் கையால் காட்டினார்கள். பயந்து விலகியவை போக, கிட்டே வந்தவற்றில் ஐந்துக்கு நான்கு, கை காட்டிய கிண்ணத்துக்கே போயின.

போன மாதம் சென்னையில் ஒரு தத்து முகாமுக்குப் போயிருந்தேன். அட்டைப்பெட்டியில் நான்கு குட்டிகள், மேலே ஆங்கிலத்தில் ‘இண்டியன் பரையா’ என்று பெரிய எழுத்தில் ஒரு தாள். பக்கத்தில் நின்ற இளைஞரிடம், “தம்பி, இது எந்த மொழிச் சொல் தெரியுமா?” என்றேன். “இங்கிலீஷ்தானே சார்?” என்றார். சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “சத்தியமா தெரியாது சார். நெட்ல இப்படித்தான் போட்டிருந்தாங்க.” தாளைக் கிழித்துவிட்டுப் புதுத்தாளும் ஸ்கெட்ச் பேனாவும் எடுத்தார். “இண்டினு எழுதவா, நாட்டு நாய்னு எழுதவா?” என்று கேட்டார். எங்கள் தெருவில் வயதானவர்கள் சொல்வதைச் சொன்னேன். ‘நாட்டு நாய்க்குட்டி’ என்று தமிழில் எழுதி, பெட்டியின் முன்பக்கம் ஒட்டினார்.