பழைய றலிக்குக் கப் வாங்கும் முன்

2022 இல் பெற்றோலுக்காக நாடே வரிசையில் நின்ற நாட்களில், பின்விறாந்தைகளில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் எல்லாம் வெளியே வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். எனது இரும்புச் சாமான் கடையின் ஒரு மூலையில் சைக்கிள் உதிரிப்பாகங்களும் விற்கிறேன். அந்த மாதங்களில் அந்த மூலைதான் கடையைத் தூக்கி நிறுத்தியது. அதே மூலையில்தான், எனக்குப் படிப்பித்த மாஸ்டர் ஒருவருக்குப் பிழையான சாமானைக் கொடுத்துவிட்டுத் தலை குனிந்தேன்.

அவரிடம் இருப்பது எழுபதுகளில் நொட்டிங்ஹாமில் செய்த, ஹேண்டில் வளைந்த றலி ரேசிங் சைக்கிள். "மகன், மிதிக்கக்குள்ள கடகடன்னு தட்டுது. பாஸ் கப் மாத்தச் சொல்றார்" என்றார். கப் ஒரு சோடியை எடுத்துக் கொடுத்தேன். பழையது எங்கே என்று கேட்கவில்லை. கடையில் அவ்வளவு சனம். மறுநாள் பாஸ் அந்தச் சட்டத்தையே தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

பெடல்கள் பூட்டிய இரண்டு கிராங்குகளையும் இணைக்கும் அச்சு, சட்டத்தின் அடியில் ஒரு குறுக்குக் குழாய்க்குள் சுழல்கிறது. இதைத்தான் பொட்டம் பிரக்கட் என்கிறோம். குழாயின் இரு முனையிலும் ஒவ்வொரு கப். ஒவ்வொரு கப்பிலும் கால் அங்குல போல்ஸ் பதினொன்று. மழைத்தண்ணீர் சீற் குழாய் வழியாக இறங்கித் தேங்குவது இங்கேதான். கிரீஸ் கழுவுப்பட்டு, துரு ஏறி, போல்ஸ் கப்பைத் தின்னத் தொடங்கும். தட்டுகிற சத்தம் வந்தபின் ஓட்டிக்கொண்டே இருந்தால் அச்சும் போய்விடும்.

கழற்றுவதில் முதல் தொல்லை கிராங்கைப் பிடித்திருக்கும் கொட்டர் பின். வெறுமனே சுத்தியலால் அடித்தால் பின் வளையும், அந்த அடி நேரே போல்ஸுக்குப் போய்க் கப்பில் குழி விழும். கிராங்கின் அடியில், பின்னுக்கு வழிவிடும் ஓர் இரும்புக் குழாய்த் துண்டை நிலத்திலிருந்து முட்டுக் கொடுத்து, நட்டைப் பின்னின் நுனி மட்டத்துக்குத் தளர்த்தி விட்டு, ஒரே கனமான அடியாக அடிக்க வேண்டும். பத்து மெல்லிய அடிகள்தான் பின்னைக் கெடுக்கும். புதிய பின் வாங்கும்போதும் அளவு பாருங்கள். றலிக்கு 9.5 மில்லிமீற்றர், வேறு பல சைக்கிள்களுக்கு 9.

இடப்பக்கக் கப் சுலபம். லொக் ரிங்கைத் தளர்த்தி, வழமைபோல் இடப்பக்கம் திருப்பினால் வரும். செயின் வீல் உள்ள வலப்பக்கக் கப்பில்தான் பலரும் பிழை விடுகிறார்கள். ஆங்கிலேயச் சைக்கிள்களில் அதன் புரி எதிர்ப்புரி. கழற்ற, கடிகாரம் சுற்றும் பக்கம் திருப்ப வேண்டும். பெடலில் எதிர்ப்புரி இடப்பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும், அதனால் இங்கும் அப்படியே என்று நினைத்து விடுகிறார்கள். மிதிக்க மிதிக்கக் கப் தளராமல் இருக்கவே இந்த ஏற்பாடு. இத்தாலியச் சட்டங்களில் இரு பக்கமும் சாதாரணப் புரிதான். அவற்றில் வலப்பக்கக் கப் தளர்வது பழைய முறைப்பாடு.

அது அசையாவிட்டால் ஸ்பெனரோடு மல்லுக்கட்ட வேண்டாம். கப்பின் தட்டையான பக்கங்கள் மெல்லியவை, வழுக்கும். கப்பை வைஸில் இறுக்கி, சட்டத்தையே கைப்பிடியாக வைத்து, மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் திருப்புங்கள். உள்ளே குழி விழாமல் பளபளப்பாக இருந்தால் கழற்றவே தேவையில்லை. மண்ணெண்ணெய்த் துணியால் இருந்த இடத்திலேயே துடைக்கலாம்.

இனி நான் விட்ட பிழை. ஆங்கிலேயச் சைக்கிள்களின் பொதுவான கப்பில் ஓர் அங்குலத்துக்கு 24 புரி. நொட்டிங்ஹாம் றலியில் 26. குறுக்களவு இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே 24 புரிக் கப் றலிக்குள் ஒன்றிரண்டு சுற்று இலேசாகப் போகும், பிறகு இறுகும். துரு என்று நினைத்துப் பலம் போட்டால் சட்டத்தின் புரி அறுந்துவிடும். பாஸ் பலம் போட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, கொடுத்தது நான். நொட்டிங்ஹாமில் சைக்கிள் உற்பத்தி 2002 இல் நின்று போனது. அந்தச் சட்டத்துக்கு மாற்றுச் சட்டம் எங்கே தேடுவது?

நல்ல காலம், அறுந்தது வாய்ப்புரி மட்டும். பழைய இரும்புக்காரரிடம் உடைந்த றலிச் சட்டம் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் கப்புகளை எடுத்தோம். மாஸ்டரின் தேய்ந்த கப்பின் புரிகளுக்குக் குறுக்கே பாஸ் வாளால் நாலு வெட்டு வெட்டினார். அதை எண்ணெய் விட்டு அரைச்சுற்று முன்னும் கால்சுற்றுப் பின்னுமாக ஓட்ட, நசுங்கிய புரி நிமிர்ந்தது. செலவு முழுவதும் என்னுடையது. மாஸ்டர் காசை நீட்டினார், நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பூட்டும்போது போல்ஸ் முழுவதையும் புதிதாகவே போடுங்கள், விலை பெரிதல்ல. கப்பில் கிரீஸை நிரப்பி, பக்கத்துக்குப் பதினொன்றாக ஒட்டி வைத்தால் விழாது. அச்சின் நீண்ட பக்கம் செயின் வீல் பக்கம் வர வேண்டும். லொக் ரிங்கை இறுக்கும்போது கப்பும் கொஞ்சம் கூடவே திரும்பும், அதனால் ஒரு மயிரிழை தளர்வாக விட்டு இறுக்குங்கள். இரு கொட்டர் பின்களும் எதிரெதிர்ப் பக்கமாக நுழைய வேண்டும், இல்லாவிட்டால் கிராங்குகள் நேர்கோட்டில் நிற்காது. இரண்டு மூன்று நாள் ஓட்டியபின் பின்னை மறுபடி தட்டி நட்டை இறுக்குங்கள்.

இப்போது என் மேசைக்கு மேலே இரண்டு ஆணிகளில் இரண்டு கப் தொங்குகின்றன, ஒன்று 24, மற்றது 26. வாடிக்கையாளரின் கப்பை அவற்றோடு புரிக்குப் புரி சேர்த்து வெளிச்சத்தில் பிடிப்பேன். பற்கள் இடைவெளி தெரியாமல் பொருந்தினால் அதுதான் அளவு. பழைய கப் இல்லாமல் வருபவரைக் கழற்றிக்கொண்டு வரும்படி திருப்பி அனுப்புகிறேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.