மஞ்சட்கால் கதண்டு

ஐரோப்பியத் தேன்கூடுகளுக்குச் சுமார் இருபது வருஷங்களாக ஒரு புதிய சத்துரு தோன்றியிருக்கிறது. கீழ்நாட்டிலிருந்து சென்ற மஞ்சட்கால் கதண்டே அது. சீனத்திலிருந்து இறக்குமதியான மண்பாண்டங்களிடையே பதுங்கி, 2004-ஆம் வருஷத்தையொட்டித் தென்மேற்குப் பிரான்ஸில் வந்திறங்கியதென்பது ஆராய்ச்சியாளர் கொள்கை. பல ஆண்களுடன் கூடிக் கருவுற்றிருந்த ஒரேயொரு ராணியின் சந்ததியே அங்கே பல்கிப் பரவியது என்றும் அவர்கள் கண்டிருக்கின்றனர். ஸ்பெயினை 2010-லும், போர்ச்சுகலையும் பெல்ஜியத்தையும் 2011-லும், ஜெர்மனியை 2014-லும், இங்கிலாந்தை 2016-லும் அது எட்டிவிட்டது.

இந்தக் கதண்டு தேன்பெட்டியின் வாயிலுக்கெதிரே அந்தரத்தில் நின்று, மகரந்தச் சுமையோடு வீடு திரும்பும் தேனீயைப் பற்றுகிறது. தலையையும் சிறகையும் வயிற்றையும் கத்தரித்தெறிந்து, மார்பை மட்டும் தன் குஞ்சுகளுக்கு இரையாகக் கொண்டு செல்கிறது. பிடிபட்டுச் சாகும் தேனீக்களைக் காட்டிலும் அச்சத்தால் விளையும் நஷ்டம் பெரிது. தேனீக்கள் வெளியே செல்லவே அஞ்சி உள்ளே அடைந்து கிடக்கின்றன. தேன் சேராமற் போகவே, குளிர்காலத்தில் கூடு பட்டினியால் மடிகிறது. இதே கதண்டு இந்தியாவின் வடபாகத்திலும் பூர்விகமாக உள்ளதுதான். ஆனால் நம் நாட்டு அடுக்குத் தேனீ, பகைவனைப் பந்துபோல் சூழ்ந்து, உடலதிர்வால் வெப்பமேற்றிக் கொல்லும் வித்தையை நெடுங்காலப் பழக்கத்தால் கற்றிருக்கிறது. ஐரோப்பியத் தேனீக்கு அவ்வித்தை செவ்வையாகக் கைவரவில்லை. அதைக் குறை கூறுவானேன்? இத்தகைய விருந்தாளியை அது முன்பின் கண்டதில்லை.

எனவே அங்குள்ள ஜனங்களின் கண்களே தேனீக்குக் காவல். அக்கண்கள் சரியாகப் பார்க்கக் கற்றிருக்கவேண்டும். ஐரோப்பாவிற்குச் சொந்தமான கதண்டு ஒன்று உண்டு, அது இதனினும் பெரியது, செம்பழுப்பு நிறமுடையது, வயிற்றில் மஞ்சள் மிகுந்தது, இரவிலும் பறக்கும். புதியதோ உடலெல்லாம் கறுத்து, வயிற்றின் நான்காம் வளையம் மட்டும் மஞ்சளாய், கால்களின் நுனி மஞ்சள் தோய்த்ததுபோல் இருக்கும், இருட்டியபின் வெளிவருவதில்லை. காலைப் பார்த்தால் போதும், பெரும்பாலும் ஐயம் தீர்ந்துவிடும். இந்த வித்தியாசமறியாமல் உள்நாட்டுக் கதண்டை அடித்துக் கொல்வதும், வசந்தகாலத்தில் தோட்டந்தோறும் சர்க்கரைப் பாகு நிரப்பிய சீசாக்களைத் தொங்கவிட்டு நிரபராதிகளான பூச்சிகளை மூழ்கடிப்பதும் உற்சாகத்தால் விளையும் தீமைகளென்பது நம் அபிப்பிராயம்.

கண்டவர் செய்யவேண்டியது இது: கூடுமானால் தொலைவிலிருந்து படமெடுத்து, கண்ட இடத்தையும் நேரத்தையும் அதிகாரிகளுக்கு உடனே தெரிவிக்கவேண்டும். இங்கிலாந்தில் இதற்கென்றே கைத்தொலைபேசிச் செயலி ஒன்றிருக்கிறது. வரும் செய்திகளில் மிகப் பெரும்பான்மை வேறு பூச்சிகளைப் பற்றியவையே. அதற்காக எவரும் வெட்கவேண்டுவதில்லை. நூறு வீண் செய்திகளை ஆராய்வதைவிட ஒரு மெய்ச்செய்தி வராமற்போவதே அதிகாரிகளுக்குக் கஷ்டம். வந்த கதண்டை ஆத்திரத்தால் நசுக்கிவிடுவதும் தவறு. நிபுணர்கள் அதை இரை வைத்துப் பிடித்து, வர்ணக்குறியிட்டு விடுகின்றனர். கூட்டுக்குப் பறந்து சென்று மறுபடி இரைக்கு வர அது எடுக்கும் நிமிஷங்களை எண்ணுகின்றனர். நிமிஷத்திற்குச் சுமார் நூறு மீட்டர் என்பது அவர்கள் கணக்கு. பல இடங்களிலிருந்து அது செல்லும் திசைகளைக் கோடிட்டால், கோடுகள் சந்திக்குமிடத்தில் கூடு அகப்படும். உயிருள்ள கதண்டே வழிகாட்டி. கூட்டைக் கண்டவர் தாமே கலைக்கப் புகுவது உயிருக்கே ஆபத்து.

இம்முயற்சி வீணல்ல என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. அங்கு வாஷிங்டன் மாகாணத்தில் 2019 டிசம்பரில் தென்பட்டது வேறு ஜாதி, இன்னும் பெரிதான ராக்ஷசக் கதண்டு. முதலில் செய்தி தந்தவர்கள் சாதாரணக் குடிகள். 2020 அக்டோபரில் கதண்டின் உடலில் சிறு வானொலிக் கருவியைக் கட்டிவிட்டு முதற்கூட்டைக் கண்டுபிடித்தனர். மறுவருஷம் மூன்று கூடுகளை அழித்தனர். அதன்பின் மூன்று வருஷகாலம் ஒன்றுமே தென்படாமற்போகவே, 2024 டிசம்பரில் அது ஒழிந்ததென அறிவித்தனர். பிரான்ஸிலோ சரியாக இனங்கண்டு விழித்துக்கொள்ளுமுன்பே ராணிகள் சிதறிவிட்டன. இங்கிலாந்து இவ்விரண்டிற்கும் நடுவே நிற்கிறது: 2023-ல் 72 கூடுகளைக் கண்டழித்தனர், 2024-ல் 24. ஆனால் 2025-ல் தொகை நூறைத் தாண்டிவிட்டது.

காலம் முக்கியம். வசந்தத்தில் கொட்டகைக் கூரையிலும் புதரிலும் ராணி தனியே கட்டும் சிறு கூட்டைக் கண்டு சொல்பவர் ஒரு பெருங்கூட்டத்தையே தடுத்தவராவர். கோடையில் அக்குடும்பம் பெருமரங்களின் உச்சிக்குக் குடிபெயர்ந்து, பருவம் முடிவதற்குள் ஆயிரக்கணக்காய்ப் பெருகி, இலையுதிர்காலத்தில் நூற்றுக்கணக்கான இளம் ராணிகளை வெளியேற்றிவிடுகிறது. பின்னர் மொட்டைமரத்தில் பறங்கிக்காய்போல் தொங்குவது பெரும்பாலும் வெறுங்கூடுதான். ஆயினும் அதையும் அறிவித்தல் வேண்டும். அடுத்த வசந்தத்தில் எந்தத் தோட்டங்களைச் சோதிப்பதென்று அதனால் தெரியவரும்.