கன்னியாஸ்திரிகள் பிரசவம் பார்க்க 1936 வரை தடை... மாறியது எப்படி?

திருப்பூர், கோவை பக்கம் மிஷன் ஆஸ்பத்திரி என்றாலே பலருக்கும் சிஸ்டர்கள்தான் ஞாபகம் வரும். ஆனா, இந்த சிஸ்டர்கள் டாக்டராகி பிரசவம் பார்க்க கத்தோலிக்கத் திருச்சபையே ஒரு காலத்தில் அனுமதிக்கவில்லை!

என்ன தடை?

நோயாளியைக் கவனிக்கலாம், மருந்து கொடுக்கலாம். ஆபரேஷனும் பிரசவமும் கூடாது. கற்பு வார்த்தைப்பாடு எடுத்தவர்களுக்கு அது பொருந்தாது என்று கருதினார்கள்.

இடித்தது எங்கே?

ராவல்பிண்டியில். அப்போது அது பிரிட்டிஷ் இந்தியா. பர்தா முறையால் பெண்கள் ஆண் டாக்டரிடம் போகமாட்டார்கள். பெண் டாக்டர் இல்லையென்றால் வைத்தியமே இல்லை. அங்கே பெண்களுக்கு ஆஸ்பத்திரி அமைய வழிசெய்த ஸ்காட்லாந்து டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன், தடையை நீக்கச் சொல்லி ரோமிடம் பலமுறை கேட்டார். 1913-ல் இறக்கும்வரை நடக்கவில்லை.

அவரோடு கடிதத்தில் மட்டுமே பழகிய ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல், டாக்டருக்குப் படித்து 1920-ல் அதே ஆஸ்பத்திரிக்கு வந்தார். ஒத்தை ஆளாகச் சமாளிக்க முடியாது என்று புரிந்து, 1925-ல் வாஷிங்டனில் மருத்துவ மிஷன் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். இதில்தான் சாமர்த்தியம். பொது வார்த்தைப்பாடு எடுக்காத குழுவாகவே நடத்தியதால் தடை அவர்கள் மேல் பாயவில்லை.

நம்ம பக்கத்திலும் ஒரு விதிவிலக்கு. அன்றைய சென்னை மாகாணத்தின் குண்டூருக்கு 1920-ல் வந்து கன்னியாஸ்திரியான மெல்போர்ன் டாக்டர் மேரி குளோரி, போப்பின் சிறப்பு அனுமதியோடு வைத்தியம் பார்த்தார்.

1936 பிப்ரவரியில்தான் ரோம் இறங்கிவந்தது. மிஷன் நாடுகளில் சிஸ்டர்கள் மருத்துவமும் மகப்பேறும் படித்துச் செய்யலாம் என்றது. மெக்லாரன் இறந்து அப்போது 23 வருஷம். டெங்கலின் சிஸ்டர்கள் முறைப்படி வார்த்தைப்பாடு எடுத்தது அதற்குப் பிறகுதான்.