துபாஷியின் தினசரியும் நம் வீட்டு வம்சாவளியும்

நள வருஷம் ஆவணி மாதத்தில், அதாவது 1736-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி, புதுச்சேரியில் வர்த்தகம் நடத்திக்கொண்டிருந்த 27 வயது இளைஞர் ஒருவர், துறைக்கு வந்துபோகும் கப்பல்களின் சமாசாரத்தையும், தம் கண்ணில் பட்டவற்றையும் செவியில் விழுந்தவற்றையும் அன்றன்றே எழுதி வைப்பதென்று சங்கற்பித்துக்கொண்டார். பின்னாளில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்சுக்குப் பிரதான துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் தரகராக, விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளைதான் அவர். யுத்தமும் பஞ்சமும், தர்பாரும் வழக்கும், கடனும் கல்யாணமும் மாறிமாறி வந்த ஒரு வாழ்க்கையின் நடுவே, 1761 ஜனவரி வரையில் அந்த எழுத்து தொடர்ந்தது. அதே மாதத்தில்தான் பட்டணம் ஆங்கிலேயர் வசமாயிற்று, அவரும் காலமானார்.

சரித்திர ஆசிரியர்கள் இந்தத் தினசரியைத் துய்ப்ளேக்சின் காலத்துக்கு ஒரு சாட்சியாகப் பாராட்டுவது நியாயமே. நான் இங்கே அதை வேறொரு பிரயோஜனத்துக்காக எடுத்துக்கொள்கிறேன். தம் குடும்பத்தின் பூர்வ விருத்தாந்தத்தை எழுதவேண்டுமென்று ஆசைப்பட்டு, பல வருஷங்களாகக் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டே இருந்து, ஒரு பக்கமும் எழுதாமல் காலம் கழிக்கிறவர்கள் நம் ஊரில் அநேகர். “எல்லாம் கிடைக்கட்டும், பிறகு சாவகாசமாய் உட்கார்ந்து எழுதிவிடலாம்” என்பது அவர்கள் சொல்லும் வார்த்தை. எல்லாம் கிடைக்கிற நாள் ஒன்று வருவதில்லை. அதற்குள் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராய்ப் போய்விடுகிறார்கள். தேடி முடித்து எழுதுவதல்ல, எழுதிக்கொண்டே தேடுவதுதான் குடும்ப சரித்திரத்துக்கு உகந்த வழி என்பது என் திடமான அபிப்பிராயம்.

புதுச்சேரிக் குடும்பங்களுக்கு இந்த ஆசை மற்ற ஊர்க்காரர்களைவிட அதிகமாக உண்டாவதற்குக் காரணம் இருக்கிறது. பிறப்பு, விவாகம், மரணம் ஆகியவற்றைப் பதிவேட்டில் ஏற்றும் பிரெஞ்சு வழக்கம் இங்கே மிகப் பழையது. 1676 முதலான பழைய பதிவுகளின் சுருக்கத்தை, இந்தியப் பிரெஞ்சுச் சரித்திர சங்கம் 1917-இலேயே அச்சிட்டது. ஆயினும் அந்த ஆரம்ப காலத்துப் பதிவுகள் பெரும்பாலும் ஐரோப்பியரையும் கிறிஸ்தவர்களையும் பற்றியவை. மற்ற ஜனங்களின் பதிவுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்குகின்றன. அப்படிப்பட்ட ஒரு பிறப்புப் பதிவை எடுத்து நிதானமாக வாசித்தால், எத்தனை விஷயம் அதில் அடங்கியிருக்கிறது என்று வியப்பாக இருக்கும். குழந்தையின் பெயரும் பிறந்த நேரமும் மட்டுமல்ல. வந்து தெரிவித்தவர் யார், அவருக்கு என்ன வயது, என்ன தொழில், எங்கே குடியிருப்பு, சாட்சிகள் யார் யார் என்பதெல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருக்கும். பிரெஞ்சு வாசகத்தின் அடியில், பழகாத கையால் தமிழில் போட்ட ஒரு கையெழுத்தைக் காணும்போது, அது நம் கொள்ளுப்பாட்டனாரின் கையெழுத்தாகவும் இருந்துவிட்டால், அந்த நிமிஷத்தில் உண்டாகும் பரவசத்துக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன்.

சிக்கல்களும் இந்த ஊருக்கே உரியவை. ஒரே மனிதரின் பெயரை மூன்று குமாஸ்தாக்கள் மூன்று விதமாகப் பிரெஞ்சு எழுத்தில் எழுதியிருப்பார்கள். 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, தங்கள் சாதி வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு உட்பட்டவர்கள், பரம்பரையாக வரக்கூடிய ஒரு குடும்பப் பெயரையும் சூடிக்கொண்டார்கள். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை ‘லாபோர்த்’ ஆனது இவ்விதமே. தகப்பனார் வரையில் தமிழ்ப் பெயராக வந்த வம்சாவளி, மகன் காலத்தில் முற்றிலும் வேறு பெயருக்கு மாறிவிடும். பிறகு பிரெஞ்சுப் பட்டாளத்திலும் உத்தியோகத்திலும் சேர்ந்து சைகோனுக்குப் போனவர்கள்; திரும்பி வந்து பென்ஷன் வாங்கிய ‘சொல்தா’க்கள் என்னும் சிப்பாய்கள்; 1962-இல் அதிகார மாற்றம் சட்டப்படி பூர்த்தியானபோது பிரெஞ்சுப் பிரஜைகளாகவே நீடிக்க விருப்பம் தெரிவித்தவர்கள். ஆகவே ஒரே குடும்பத்தின் காகிதங்கள் இங்குள்ள தேசிய ஆவணக் காப்பகக் கிளையிலும், பிரான்சில் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரத்துக் காப்பகத்திலும், யாரோ ஒரு சித்தப்பா வீட்டுப் பரணிலுமாகச் சிதறிக் கிடக்கும். இவ்வளவையும் சேர்த்த பிறகுதான் பேனாவை எடுப்பேன் என்றால் ஆயுசு போதாது.

ரங்கப்பிள்ளை செய்த காரியத்தைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்ப்போம். ஒவ்வொரு நாளின் எழுத்தும் வருஷப் பெயர், தமிழ் மாதம், தேதி, கிழமை, அதற்கு நேரான ஐரோப்பியத் தேதி என்ற தலைப்போடு தொடங்குகிறது. இன்ன நாழிகைக்கு இன்னது நடந்தது, இன்னார் வந்து இப்படிச் சொன்னார், அதற்குத் தாம் இப்படிப் பதில் சொன்னார் என்று எழுதிக்கொண்டு போகிறார். ஊர் வதந்தியை வதந்தியாகவே எழுதுகிறார். சொன்னவன் யார் என்று தெரிந்தால் அதையும் சேர்க்கிறார். மறுநாள் வேறு செய்தி வந்தால் அதை மறுநாளின் கீழே எழுதுகிறாரேயன்றி முன்னதை அழித்து ஒழுங்குபடுத்துவதில்லை. தம் காலத்துக்குப் பிறகு யாரோ ஒரு பிரபஞ்சன் வந்து, இந்த ஏட்டை ஆதாரமாகக்கொண்டு ‘மானுடம் வெல்லும்’ என்றும் ‘வானம் வசப்படும்’ என்றும் நாவல்கள் எழுதப்போகிறார் என்பதை அவர் அறியார். அறிந்திருந்தால் ஒருவேளை அலங்காரமாக எழுதப் புகுந்து, இத்தனை விவரத்தைக் கோட்டைவிட்டிருப்பார்.

இதே குடும்பத்தின் முந்திய தலைமுறையைப் பாருங்கள். ரங்கப்பிள்ளையின் தகப்பனார் திருவேங்கடம் பிள்ளைக்கு மைத்துனரான நைனியப்ப பிள்ளை, பிரெஞ்சுக் கும்பெனியின் பிரதான துபாஷியாக இருந்தவர். 1716-இல் அவரைச் சிறையில் அடைத்தார்கள். கசையடியும் சிறைவாசமும் தண்டனையாக விதித்தார்கள். 1717-இல் சிறையிலேயே இறந்துபோனார். அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு வரையில் சென்று முறையிட்டு, அங்கே கிறிஸ்தவராகி, செவாலியே பட்டத்துடன் திரும்பி வந்து, 1724-இல் காலமானார். எவ்வளவு பெரிய கதை! ஆனால் அந்த வீட்டுக்குள் அந்நாட்களில் என்ன பேசினார்கள், யார் அழுதார்கள், யார் தைரியம் சொன்னார்கள் என்று சொல்ல ஒரு தினசரி நமக்கு இல்லை. வழக்குக் கட்டுகளும், மனுக்களும், பாதிரிமார் எழுதிய கடிதங்களுமே சாட்சி. ஒரு தலைமுறை கழித்து, அதே வம்சத்தில் நாள்தோறும் எழுதுகிற கை ஒன்று வந்த பிறகுதான் அந்தக் குடும்பம் தன் வாயாலேயே பேசத் தொடங்குகிறது.

நாள்தோறும் எழுதும் நியமம் என்றவுடன், ஒரு நாள் தவறினால் விரதபங்கம் என்று எண்ணிச் சிலர் பயந்துவிடுகிறார்கள். ரங்கப்பிள்ளையின் தினசரியிலேயே, முக்கியமாக ஆரம்ப வருஷங்களில், இடைவெளிகள் நிறைய உண்டு. சில நாட்களுக்கு இரண்டொரு வரி, சில நாட்களுக்குப் பக்கம் பக்கமாய் விஸ்தாரம். விட்டுப்போன இடத்திலிருந்து மறுபடி தொடங்கியதுதான் அவருடைய பெருமை. குடும்ப சரித்திரம் எழுதுகிறவர்களும் அரை மணி நேரத்துக்குமேல் ஆசைப்பட வேண்டாம். வீட்டு வேலைகள் ஓய்ந்த இரவானாலும், பால்காரர் வருமுன் விடிகாலையானாலும், ஒரே நேரம், ஒரே இடம் என்று வைத்துக்கொள்வது நல்லது. தலைப்பில் தேதி; அன்று பார்த்த காகிதம் அல்லது கேட்ட பேச்சு; அதைச் சொன்னவர் பெயர்; அதிலிருந்து எழும் கேள்வி. காகிதம் ஒன்றும் பார்க்காத நாளில் பாட்டி வீட்டுச் சமையலறை எந்தத் திசை பார்த்து இருந்தது என்று எழுதலாம், அதுவும் சரித்திரமே.

எழுதுவதால் உண்டாகும் பெரிய லாபம், எது தெரியவில்லை என்பது வெட்டவெளிச்சமாகிவிடுவது. மனத்துக்குள் இருக்கும் வரையில் கதை கோவையாகத்தான் தோன்றும். “கொடி இறங்கின அடுத்த தையிலே உங்க சித்தப்பா பொறந்தாரு” என்று அத்தை சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். அதை எழுத உட்கார்ந்தால்தான், பிரெஞ்சுக் கொடி இறங்கியது 1954 நவம்பர் 1-ஆம் தேதி, ஆகவே பிறப்பு 1955 ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் என்று கணக்கு வரும். அப்படியானால் சைகோனுக்குப் போன தாத்தா அதற்கு முன்பே ஊர் திரும்பியிருக்க வேண்டும் என்பதும் புலப்படும். மறுநாள் அத்தையிடம், “தாத்தா எந்தக் கப்பல்ல வந்தாரு, அத்தை?” என்று கேட்பதற்கு ஒரு கேள்வி கையில் இருக்கும். இப்படிக் குறிப்பாகக் கேட்டால் பெரியவர்கள் உற்சாகமாய்ச் சொல்கிறார்கள். “பழைய கதையெல்லாம் சொல்லுங்கள்” என்று பொதுவாகக் கேட்டால், “என்னத்தச் சொல்ல” என்று நிறுத்திவிடுகிறார்கள்.

ரங்கப்பிள்ளையோடு அந்த வீட்டின் எழுத்து நின்றுவிடவில்லை. அவருடைய தம்பி மகன் திருவேங்கடம் பிள்ளை 1761-க்குப் பிறகும் தினசரியைத் தொடர்ந்தார். அதற்கடுத்து முத்து விஜய திருவேங்கடம் பிள்ளையும் எழுதினார். ஏடுகள் பெட்டிக்குள் கிடந்தன. 1846-இல் கல்வா மோம்ப்ரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டன. அவரும் எதுவார் அரியேல் என்பவரும் பிரதிகள் எடுத்துவைத்தார்கள். அரியேலின் பிரதி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரையில் பன்னிரண்டு பாகங்களாக வெளிவந்தது. தமிழ் மூலம் அச்சேறத் தொடங்கியதோ 1948-இல்தான்.

அந்தப் பிரதிகளை நினைத்து, நம் நோட்டுகளுக்கும் ஒரு காரியம் செய்யவேண்டும். ஒரு நோட்டு நிரம்பியதும் முதல் பக்கத்தில் எழுதியவர் பெயரையும் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்பதையும் குறித்து, ஜெராக்ஸ் ஒன்று எடுத்து, பாரிசிலோ சென்னையிலோ இருக்கிற தங்கை மகளுக்கு அனுப்பிவிடலாம். அவளிடமிருந்து, “மாமா, பதினான்காம் பக்கத்தில் இருக்கிற செல்லம்மாள் யார்?” என்று ஒரு கேள்வி வரும். அதற்குப் பதில் மறுநாளைய பக்கத்தில்.