ராத்திரி மட்டும் ஒழுகுற பைப்

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு பால் பிளான்ட்டுக்கு மானிட்டரிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். அங்கே ஒரு கிளாம்ப் ஜாயின்ட்ல ராத்திரி மட்டும் லீக் அலாரம் அடிக்கும். பகல்ல போய்ப் பார்த்தா காய்ஞ்சு கிடக்கும். என் கோடுலதான் பக்னு ரெண்டு வாரம் தேடினேன். பக் பைப்ல இருந்துச்சு.

பகல்ல அந்த லைன்ல ஓடுறது 5 டிகிரி பால். ராத்திரி சிஐபி, அதாவது பைப்பைக் கழட்டாமலே உள்ளே கழுவுறது. 80 டிகிரி காஸ்டிக் ஓடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, சுமார் 0.0165 மி.மீ. நீளும். 30 மீட்டர் லைனுக்கு 75 டிகிரி வித்தியாசம்னா 37 மி.மீ. ரெண்டு விரல் அகலம்!

நீள விடாம ரெண்டு முனையையும் இறுக்கிட்டா? கணக்குப்படி உள்ளே சுமார் 240 மெகாபாஸ்கல் அழுத்தம் ஏறணும். 316எல் ஸ்டீலோட குறைந்தபட்ச யீல்டு அளவு ஏஎஸ்டிஎம்படி 170தான். நிஜத்துல அதுக்கு முன்னாடியே பைப் வில்லு மாதிரி வளையும், இல்லன்னா பம்ப்பையோ ஜாயின்ட்டையோ தள்ளும்.

மத்த பிளான்ட்ல பெல்லோஸ் போட்டு முடிச்சிடுவாங்க. பால் லைன்ல அந்த மடிப்புக்குள்ள பால் தங்கிடும், கழுவினாலும் முழுசா போகாது. லூப்பைச் செங்குத்தா நிறுத்தினாலும் வம்பு: மேலே காத்து அடைக்கும், கீழே தொங்கினா தண்ணி வடியாது. அதனால லூப்பைப் படுக்கையா, வடிகால் பக்கம் லேசான சரிவோட வைக்கணும். நேர் லைன்ல ஒரே ஒரு இடத்துல ஆங்கர். மத்த சப்போர்ட் எல்லாம் பைப் வழுக்கிப் போக விடுற கைடுதான். எல்போவுக்கு ரொம்பப் பக்கத்துல கைடு போட்டா எல்போ வளைஞ்சு கொடுக்க முடியாது. பலரும் கோட்டை விடுறது இங்கேதான்.

அந்த பிளான்ட்ல எல்லா சப்போர்ட்டையும் யூ-போல்ட் போட்டு முறுக்கியிருந்தாங்க. நீளுறதுக்கு வழியில்லாத பைப், ஜாயின்ட்டைக் கோணலா தள்ளியிருக்கு. ஆபரேட்டர் அண்ணன் தினமும் கிளாம்ப்பை இன்னும் இறுக்கியிருக்கார். சூட்டுல ரப்பர் கேஸ்கெட் ஸ்டீலைவிடப் பல மடங்கு விரியும். போக இடமில்லாம அது பைப்புக்குள்ள பிதுங்கியிருக்கு. ஆறினதும் சுருங்கும், ஓரத்துல ஒரு இடுக்கு விழும்.

வெட்கத்தோட ஒண்ணு சொல்லிடுறேன். நைட் ஷிஃப்ட்ல அலாரம் தொல்லைன்னு சொன்னப்ப, 'அலாரம் அளவை ஏத்திடலாமா?'ன்னு கேட்டது நான்தான்.

போல்ட்டுகளைத் தளர்த்தி கைடா மாத்தினாங்க, ஒரு படுக்கை லூப் சேர்த்தாங்க. புது கேஸ்கெட் போடறப்ப அந்த அண்ணன் பழசை என் கையில கொடுத்தார். ஓரமெல்லாம் பழுப்பா ஏதோ ஒட்டியிருந்துச்சு. மோந்து பார்த்தேன், புளிச்ச பால் வாடை.